நிகழ்ச்சி என்றைக்கு? காலண்டர், டிக்கெட் பிளகின் சப்போர்ட்டில் கற்றவை

கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் செய்கிற வேலை இதுதான்: வேர்ட்பிரஸ் (வெப்சைட் கட்ட உதவும் மென்பொருள்) சைட்டுகளில் நிகழ்ச்சிக் காலண்டர் வைக்கவும் அந்த நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கவும் பயன்படுகிற பிளகின்களுக்கு, அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களுக்கு, கஸ்டமர் சப்போர்ட். கம்பெனி வெளிநாட்டில், கஸ்டமர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், அதனால் இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை அடைக்கிற நேரத்தில்தான் எனக்கு வேலை சூடு பிடிக்கும். இது போக, ஓசூர், தர்மபுரி பக்கம் சைட் நடத்துகிற தெரிந்தவர்கள் கூப்பிட்டாலும் பார்த்துக் கொடுப்பேன். சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால் “கம்ப்யூட்டர்ல” என்று சொல்லி முடித்துவிடுவேன், ஆனால் இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் கேட்கும்போது அப்படி முடிக்க முடியவில்லை. அவர்களுக்காகத்தான் இது. டிக்கெட் என்று நான் எழுதினால் நுழைவுச்சீட்டு. கஸ்டமர் அனுப்பும் கோரிக்கையைக் கேஸ் என்று சொல்கிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

மற்ற பிளகின் சப்போர்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தேதிதான். ஒரு சைட்டில் தொடர்புப் படிவம் வேலை செய்யவில்லை என்றால் இன்றைக்குச் சரிசெய்யலாம், நாளை மறுநாள் சரிசெய்யலாம், கஸ்டமர் திட்டிக்கொண்டாவது காத்திருப்பார். நிகழ்ச்சி அப்படி இல்லை. ஹால் புக் ஆகிவிட்டது, பாட வருகிறவர் விமானத்துக்குப் பணம் கட்டிவிட்டார், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். நாம் பிழையைக் கண்டுபிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்தச் சனிக்கிழமை வந்துவிடும். அதனால் கேஸைத் திறந்ததும் எந்த வெர்ஷன், எந்தத் தீம் (சைட்டின் தோற்ற வடிவமைப்பு) என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது இரண்டு தேதிகள்: நிகழ்ச்சி என்றைக்கு, டிக்கெட் விற்பனை எப்போது திறக்கிறது. இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. நிகழ்ச்சி மூன்று மாதம் கழித்து இருக்கலாம், ஆனால் விற்பனை நாளைக் காலை பத்து மணிக்குத் திறந்தால் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் மொத்தக் கூட்டமும் வந்து சர்வரில் விழும்.

வந்த வரிசைப்படி கேஸ் பார்ப்பது என்பது சப்போர்ட்டில் பொதுவான வழக்கம், ஆனால் இந்த வகைப் பிளகினுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அவசரம் அவசரம் என்று போட்டவருக்கு நிகழ்ச்சி அடுத்த வருடம் இருக்கும். “ஒரு சின்னச் சந்தேகம்” என்று பணிவாக எழுதிய தேவாலயத்துப் பெரியம்மாவுக்கு இன்று ராத்திரியே கச்சேரி இருக்கும். தேதியை வைத்து அடுக்கினால்தான் இது தெரியும்.

தேதி தெரிந்ததும் அடுத்த முடிவு எளிது. நிகழ்ச்சி இரண்டு நாளைக்குள் என்றால் காரணத்தைத் தேடிக்கொண்டு உட்காரக் கூடாது, முதலில் மாற்று வழி கொடுக்க வேண்டும். காலண்டர் பக்கம் திறக்கவில்லையா, அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் சாதாரணப் பக்கம் ஒன்று போட்டு டிக்கெட் வாங்கும் லிங்கை அதில் வையுங்கள். மெயில் போகவில்லையா, வாங்கியவர்கள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி அச்செடுத்து வாசலில் வையுங்கள், பெயரைச் சொன்னால் உள்ளே விடலாம். சீட் எண்ணிக்கை தப்பாகக் காட்டுகிறதா, விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மீதியைக் கையால் கணக்கிட்டு அந்த எண்ணைப் போடுங்கள். இதெல்லாம் பார்க்க அழகாக இருக்காது, டெவலப்பர்களுக்குப் பிடிக்காது, ஆனால் கஸ்டமர் ராத்திரி தூங்குவார். உண்மையான காரணத்தை நிகழ்ச்சி முடிந்த பிறகு நிதானமாகத் தேடலாம், கேஸை மட்டும் மூடிவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

இனி, வருகிற கேஸ்களின் வகை. நேரம் தப்பாகக் காட்டுகிறது என்பதுதான் காலண்டர் பிளகினுக்கு வருகிற நிரந்தரப் புகார். இதில் எத்தனை மணி நேரம் தப்பு என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சரியாக ஒரு மணி நேரம் முன்னே பின்னே என்றால் கோடைக்கால நேர மாற்றம். நம் ஊர் சைட்டில் ஐந்தரை மணி நேரம் என்றால், யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தை இந்திய நேரமாக மாற்றுவதை யாரோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள் அல்லது இரண்டு முறை செய்திருக்கிறார்கள். முழுதாக ஒரு நாள் தள்ளிப் போனால், முழுநாள் நிகழ்ச்சியை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு வேறு நேர மண்டலத்தில் காட்டுகிற பிரச்சினையாக இருக்கும், அல்லது நள்ளிரவு தாண்டி முடிகிற நிகழ்ச்சியாக இருக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததுமே எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கோடைக்கால நேர மாற்றம் நமக்குப் பழக்கமில்லாத விஷயம், இந்தியாவில் அது கிடையாது, அதனால் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இரண்டும் ஒரே நாளில் இல்லாததால் மார்ச்சில் நடுவே இரண்டு மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நாலாகிவிடும். ஆன்லைன் வகுப்பு நடத்துகிறவர்கள் அப்போது படையெடுத்து வருவார்கள். வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளில் நேர மண்டலத்தை இரண்டு விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்: சிகாகோ என்று ஊர் பெயராக, அல்லது யூடிசி கழித்தல் ஆறு என்று எண்ணாக. எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கோடை வந்தது தெரியாது, வருடம் முழுக்க கழித்தல் ஆறிலேயே நிற்கும். ஊர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். இந்த ஒரு மாற்றத்தில் முடிகிற கேஸ்கள் ஏராளம். ஆனால் மாற்றச் சொல்வதற்கு முன், ஏற்கெனவே போட்டு வைத்த நிகழ்ச்சிகளின் நேரம் என்னவாகும் என்று ஒரு சோதனை சைட்டில் பார்த்துவிடுங்கள், பல பிளகின்களில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி நேர மண்டலம் இருக்கும், சைட்டின் அமைப்பை மாற்றினால் அது மாறாது.

“என் கூகுள் காலண்டரில் பழைய நேரமே காட்டுகிறது” என்பது இதற்கு ஒட்டிப் பிறந்தது. காலண்டர் கோப்பை இறக்கி இம்போர்ட் செய்திருந்தால் அது அன்றைய நகல், பிறகு மாறவே மாறாது. சப்ஸ்கிரைப் செய்திருந்தால் மாறும், ஆனால் கூகுள் தன் வசதிப்படி பல மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வந்து எடுத்துப் போகும், நம் பிளகின் அதை அவசரப்படுத்த முடியாது. எனவே கடைசி நாளில் நேரத்தை மாற்றியவர்களிடம், காலண்டரை நம்பாமல் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு மெயிலோ குறுஞ்செய்தியோ அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் 404. காலண்டர் பக்கத்தைத் திறந்தால் பக்கம் இல்லை என்று வரும். பெரும்பாலும் வேர்ட்பிரஸின் பெர்மாலிங்க் (பக்க முகவரிகளின் வடிவம்) அமைப்புக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாலே சரியாகிவிடும், முகவரி விதிகளை அது புதிதாக எழுதிக்கொள்ளும். சரியாகவில்லை என்றால் அதே முகவரியில் வேறு ஒரு பக்கத்தையும் யாரோ உருவாக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தமிழில் தலைப்பு வைக்கிற சைட்டுகளுக்கு இதில் தனியாக ஒரு தலைவலி உண்டு, வெளிநாட்டு டெவலப்பர்கள் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். நிகழ்ச்சியின் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக முகவரி உண்டாக்குகிறது, அதை வைக்கிற இடம் 200 எழுத்து அளவுதான். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு எழுத்தும், கூடவே ஒவ்வொரு கொம்பும் காலும் புள்ளியும், சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்துகளாக மாறி உட்காரும், ஆக ஏறக்குறைய 22 குறிகளில் இடம் தீர்ந்துவிடும். ஒரு பேச்சுக்கு ‘கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘கிருஷ்ணகிரி-மாங்கனிக்-கண’ என்பதோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் வருடத்தைப் போட்டிருந்தால் அது முகவரியில் வரவே வராது, எனவே அடுத்த வருட நிகழ்ச்சிக்குக் கிட்டத்தட்ட அதே முகவரி, கடைசியில் ஒரு 2 ஒட்டிக்கொண்டு. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பாதித் திரை சதவீதக் குறியாக நிரம்பும். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையால் போடுங்கள், வருடத்தை முன்னால் வையுங்கள்.

தமிழ் என்றதும் பிடிஎஃப் டிக்கெட்டையும் சொல்லிவிடுகிறேன். சைட்டில் அழகாகத் தெரிகிற தமிழ், பிடிஎஃப் ஆக வரும்போது ‘பெ’ எழுத்தில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது எல்லாமே கட்டமாக வரும். கட்டம் என்றால் தமிழ் எழுத்துரு இல்லை, அதைச் சேர்த்தால் போதும். கொம்பு இடம் மாறினால் எழுத்துரு சேர்த்தும் பயனில்லை, ஏனென்றால் பிடிஎஃப் உருவாக்கும் நிரல் இந்திய மொழி எழுத்துகளைக் கோத்துத் தருவதை அறியாது. டொம்பிடிஎஃப் என்ற நிரல் அப்படிப்பட்டது, எம்பிடிஎஃப் என்பதில் அந்த வசதியை இயக்கிக்கொள்ளலாம். எந்தப் பிளகின் எதைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கஸ்டமரை எழுத்துரு எழுத்துருவாக மாற்றச் சொல்லி அலைக்கழிக்காதீர்கள். அவசரம் என்றால் டிக்கெட்டில் பெயரை ஆங்கிலத்தில் போட்டுவிடலாம். ஸ்கேன் செய்கிறவர் பார்ப்பது கியூஆர் குறியைத்தான். பெயர் என்று சொல்லும்போது இன்னொன்று, படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று வைத்திருந்தால் நம் ஆட்கள் அதில் இனிஷியலைப் போடுவார்கள், சில படிவங்கள் ஒற்றை எழுத்தை ஏற்காது, பணம் கட்ட வந்தவர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார். அதைக் கட்டாயம் இல்லை என்று மாற்றுங்கள், முடிந்தது.

பணம் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், சீசனில் குடும்பங்கள் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து, மரத்தடியில் சாப்பிட்டு, பெங்களூராவும் செந்தூராவும் பறித்து எடுத்துப்போகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்து, சைட்டில் நாளுக்கு இத்தனை பேர் என்று டிக்கெட் விற்கிறார். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன். “ஏம்மா, பணம் போயிடுச்சு டிக்கெட் வரலன்னு ஆளாளுக்குக் கூப்பிடுறாங்க, நாளைக்குக் காலையில வந்து நிப்பாங்க, நான் யாரை உள்ள விடுறது?” அவருக்கு நான் முதலில் சொன்னது, “அண்ணா, யாரையும் திரும்பப் பணம் கட்டச் சொல்லாதீங்க, அவங்க நம்பர், பணம் போன நேரம், யூபிஐ நம்பர் மட்டும் எழுதி வாங்கிக்கங்க.” இந்த வாக்கியத்தை இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் தயாராக வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் இரண்டாம் முறை பணம் கட்டியவருக்கு இரண்டு டிக்கெட் கிடைத்து, ஒன்றைத் திருப்பித் தரும் கணக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

அடுத்து மூன்று இடத்தில் பார்க்க வேண்டும், இந்த வரிசையில். பேமென்ட் கேட்வேயின், அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின், கணக்குப் பக்கத்தில் அந்தப் பணம் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் அது வங்கிகளுக்கு நடுவில் இருக்கிறது, சைட்டில் எதைத் தட்டினாலும் வராது. யூபிஐயில் பணம் கழிந்து வணிகருக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி போட்டிருக்கிறது. இதைத் தெளிவாகச் சொன்னால் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள். கேட்வேயில் பணம் இருக்கிறது, ஆனால் சைட்டில் ஆர்டர் இன்னும் நிலுவை அல்லது ரத்து என்று காட்டுகிறதா? அப்படியானால் கேட்வே அனுப்புகிற தகவல், வெப்ஹூக் என்பது, சைட்டுக்குள் வந்து சேரவில்லை. சைட்டிலும் ஆர்டர் முடிந்தது என்று இருக்கிறது, டிக்கெட் மட்டும் போகவில்லையா? அது மெயில் பிரச்சினை, பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாந்தோப்புக்காரர் விஷயத்தில் இரண்டாவது. வெப்ஹூக் ஏன் வராது என்பதற்குக் காரணங்கள் திரும்பத் திரும்ப அதே சிலதான்: பாதுகாப்புப் பிளகின் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், சைட் ‘விரைவில் வருகிறோம்’ நிலையில் இருக்கும், அல்லது முகவரி மாறியிருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிக்க மாட்டார்கள். சைட்டை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு, பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட்டால் மனிதர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள், ஆனால் வெப்ஹூக் பொதுவாக அப்படித் திரும்பி வராது, தோல்வி என்று குறித்துக்கொண்டு நின்றுவிடும். கேட்வேயின் பக்கத்தில் வெப்ஹூக் முயற்சிகளின் பட்டியல் இருக்கும், அதில் எந்த எண்ணோடு தோற்றது என்று எழுதியிருக்கும், 301 என்றால் முகவரி மாறியிருக்கிறது, 403 என்றால் யாரோ தடுக்கிறார்கள். அந்தப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று கிடைத்தால் பத்து மெயில் மிச்சம்.

ரத்து என்று காட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. வூகாமர்ஸ் என்கிற ஆன்லைன் கடைப் பிளகின் வழியாக டிக்கெட் விற்றால், பணம் கட்டாத ஆர்டருக்காக இருப்பைப் பிடித்து வைக்கும் நேரம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, இயல்பாக அது 60 நிமிடம். அந்த நேரம் தாண்டினால் ஆர்டர் ரத்தாகி சீட் திரும்ப விற்பனைக்கு வரும். சீட் கிடுகிடுவென்று போகிற நிகழ்ச்சிக்கு 60 நிமிடம் அதிகம், வாங்காமல் போனவர்களின் சீட்டெல்லாம் பூட்டிக் கிடக்கும்; அதற்காக ஐந்து நிமிடம் என்று குறைத்தால், யூபிஐ செயலி திறந்து, பின் நம்பர் போட்டு, நெட்வொர்க் சுற்றிச் சுற்றி வருவதற்குள் ஆர்டர் ரத்தாகிவிடும், அப்புறம் பணம் வந்து சேரும். தோப்பில் டவர் கிடைக்காத நம் பக்கத்துக்கு நான் பதினைந்து இருபது நிமிடம் வைக்கச் சொல்வேன். இது என் கணக்கு, உங்கள் கூட்டத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மெயில் போகாத கேஸ்களில் நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றே: அனுப்புநர் இடத்தில் தங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டு வைத்திருப்பார்கள். மெயிலை அனுப்புவது சைட் குடியிருக்கும் ஏதோ ஒரு ஹோஸ்டிங் சர்வர், பெயர் ஜிமெயில், இதைப் பெறுகிற இடத்தில் போலி என்று சந்தேகப்படுவது நியாயம்தானே. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் இன்னும் கறாராகிவிட்டன, அனுப்புகிற டொமைனுக்கு (சைட்டின் பெயர் முகவரிக்கு) எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (மெயில் உண்மையாகவே அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) சரியாக இல்லாவிட்டால் ஸ்பாமில் விழும் அல்லது வரவே வராது. சொந்த டொமைனில் ஒரு முகவரி, அதை எஸ்எம்டிபி (முறையான மெயில் சர்வர்) வழியாக அனுப்பும் பிளகின் ஒன்று, டொமைன் பதிவில் இரண்டு வரி. இதைச் செய்யச் சொல்லி அனுப்பினால் பலர் “எனக்கு இதெல்லாம் தெரியாது” என்பார்கள், டொமைன் எங்கே வாங்கினார்கள் என்பதே மறந்திருக்கும். பொறுமை வேண்டும். நினைவூட்டல் மெயில் மட்டும் நேரத்துக்குப் போகவில்லை என்றால் வேறு கதை, வேர்ட்பிரஸின் கால அட்டவணை வேலைகள் சைட்டுக்கு யாராவது வந்தால்தான் ஓடும், ராத்திரி முழுக்க யாரும் வராத சைட்டில் காலை ஆறு மணி மெயில் பத்து மணிக்குத்தான் கிளம்பும். சர்வரிலேயே கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்றை அமைத்துவிட்டால் தீரும்.

கேஷ் (பணம் இல்லை, வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்க நகல்) பற்றிச் சுருக்கமாக: தீர்ந்துபோன டிக்கெட் இன்னும் இருப்பதாகக் காட்டினாலோ, ‘இணைப்பு காலாவதியாகிவிட்டது’ என்று பொத்தான் அழுத்தும்போது வந்தாலோ, முதல் சந்தேகம் கேஷ். வேர்ட்பிரஸ் படிவங்களுக்குள் வைக்கிற பாதுகாப்புக் குறியீடு 12 முதல் 24 மணி நேரம்தான் செல்லும், பக்கத்தின் பழைய நகலை அதைவிட அதிக நேரம் வைத்திருந்தால் குறியீடும் செத்திருக்கும். வாங்கும் பொருள் கூடை (கார்ட்), பணம் கட்டும் பக்கம், நிகழ்ச்சிப் பக்கம் இவற்றைக் கேஷிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். கஸ்டமர் ‘கேஷ் பிளகின் என்னிடம் இல்லை’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், ஹோஸ்டிங் கம்பெனியே உள்ளே வைத்திருக்கும்.

பிளகின்களுக்குள் மோதலா என்று பார்க்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்குங்கள் என்பது எல்லோரும் சொல்லும் பழைய வைத்தியம். விற்பனை நடந்துகொண்டிருக்கும் சைட்டில் அதைச் செய்யச் சொல்வது, ஓடுகிற பஸ்ஸில் டயர் கழற்றச் சொல்வது போல. ஹெல்த் செக் அண்ட் டிரபுள்ஷூட்டிங் என்று ஒரு இலவசப் பிளகின் இருக்கிறது, அதில் சோதனை நிலையை இயக்கினால் அணைத்த பிளகின்கள் சோதிக்கிற அந்த ஒருவருக்கு மட்டும்தான் அணைந்திருக்கும், டிக்கெட் வாங்க வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கும் முன்னால் பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்டுவிடுங்கள். கஸ்டமர் கேட்காமலே பாஸ்வேர்டை மெயிலில் அனுப்பிவிடுவார், அதைப் பயன்படுத்தாமல், மாற்றச் சொல்லிவிட்டு, தற்காலிகமாகத் தனிக் கணக்கு ஒன்று உருவாக்கித் தரச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் அதை அழிக்கவும் நினைவூட்டுங்கள். சைட்டே திறக்கவில்லை என்றால், வேர்ட்பிரஸ் 5.2 வந்த 2019-லிருந்து, எந்தப் பிளகினால் விழுந்தது என்று நிர்வாகி முகவரிக்கு ஒரு மெயில் போகும். அந்த முகவரி எப்போதோ வேலையை விட்டுப்போன டெவலப்பருடையதாக இருப்பதுதான் உலக வழக்கம்.

கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் கேட்கிற ஒன்றுக்கு மட்டும் நான் பார்த்த எந்தப் பிளகினிலும் பொத்தான் கிடையாது. பிரதோஷம், கிருத்திகை, அமாவாசை எல்லாம் திரும்பத் திரும்ப வருகிற நிகழ்ச்சிகள்தான், ஆனால் ‘மாதத்தின் இரண்டாவது செவ்வாய்’ என்கிற கணக்குக்குள் அவை அடங்காது, திதியும் நட்சத்திரமும் ஆங்கிலத் தேதியைப் பார்த்து நடப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் கோயில் என்றால் நம் ஊர்ப் பஞ்சாங்கத் தேதியை அப்படியே போடவும் முடியாது, திதி மாறுகிற நேரம் அங்கே முந்தின நாளாக இருக்கலாம். வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்கு என் சக ஊழியர் ‘வசதி இல்லை’ என்று ஒரு வரியில் பதில் எழுதி கேஸை மூடப் பார்த்தார், நான் வாங்கிக்கொண்டேன். அந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்திலிருந்து வருடத்துத் தேதிகளை அர்ச்சகரிடம் வாங்கி, எக்செல்லில் அடுக்கி, சிஎஸ்வியாக ஒரே தடவையில் ஏற்றினால் வேலை முடிந்தது, வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். இதில் கவனிக்க வேண்டியது தேதி எழுதும் விதம் மட்டும். 05/06 என்பது நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்கருக்கு மே ஆறு, எக்செல் தன் பங்குக்குத் திறக்கும்போதே மாற்றி வைக்கும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-06-05 என்று எழுதி, முதலில் மூன்று வரி மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

நிகழ்ச்சி நாளில் வாசலில் நடப்பதுதான் கடைசிக் கட்டம். கியூஆர் ஸ்கேன் செய்யும் செயலி நெட் இல்லாமல் வேலை செய்யுமா என்று முந்தின நாளே அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டு வைஃபையில் பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்பார்கள், கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் டவரே இருக்காது. ஒரே டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை நாலு பேர் வைத்திருந்தால் முதலில் வந்தவர் உள்ளே போவார், மற்றவர்கள் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்ற செய்தியோடு சண்டைக்கு நிற்பார்கள். இரண்டு வாசல், இரண்டு போன், இரண்டிலும் நெட் இல்லை என்றால் அந்தச் செய்தியும் வராது. எப்படியிருந்தாலும் அச்செடுத்த பட்டியல் ஒன்று மேசையில் இருக்கட்டும்.

பதில் எழுதுவது பற்றிக் கொஞ்சம். ஒரு மெயிலில் ஏழு கேள்வி கேட்டால் இரண்டுக்குத்தான் பதில் வரும், அதனால் விடை எந்தப் பக்கம் என்று காட்டுகிற ஒன்றிரண்டை மட்டும் கேளுங்கள். நம் பிளகின் காரணம் இல்லை, தீம் அல்லது ஹோஸ்டிங் காரணம் என்று தெரிந்தால் அதைச் சொல்லிவிட்டு ஓடிவிடாமல், அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அப்படியே நகலெடுத்து அனுப்பும் விதமாக எழுதிக் கொடுங்கள். ‘எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை’ என்ற வாக்கியத்தைப் படித்தாலே எனக்கே கோபம் வருகிறது. இங்கிலீஷ் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம், நானும் தமிழ் மீடியம்தான், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் ஜெர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அதுதான் நன்றாகப் புரிகிறது. டெவலப்பருக்குப் பிழையை அனுப்பும்போது, புதிய சைட்டில் எந்தெந்தப் படியில் செய்தால் அது திரும்ப வருகிறது என்பதை எழுதாமல் அனுப்பினால் அது வரிசையின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஷிஃப்ட் முடியும்போது நான் எழுதி வைக்கும் குறிப்பில் நான்கு விஷயங்கள் இருக்கும்: கஸ்டமரின் ஊர் நேரப்படி நிகழ்ச்சியும் விற்பனையும் எப்போது, இப்போது என்ன மாற்று வழியில் ஓடுகிறது, என்னென்ன ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது, எத்தனை மணிக்குள் பதில் சொல்கிறோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கரண்ட் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் பகல் முழுக்க நிறுத்துவார்கள், இன்வெர்ட்டர் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது, அதனால் அந்த நாட்களில் மட்டும் குறிப்பைக் கடைசியில் எழுதாமல் கேஸைத் தொட்டவுடனே எழுத ஆரம்பித்துவிடுவேன், நான் பாதியில் காணாமல் போனாலும் போலந்தில் இருக்கும் சக ஊழியர் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்.